ஊசி வேண்டாம் என்கிறார்

சிங்காநல்லூர்,
12-2-1936

அன்புள்ள லேயாளுக்கு, சின்னம்மா சலோமி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நீ சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கும் சுகமே என்று எழுதக் கை வரவில்லை. முதலில் என்னை மன்னித்துக்கொள். உன் நர்ஸ் பரீட்சை முடியும்வரை உனக்கு ஒன்றும் எழுதக்கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், அதை மீறித்தான் எழுதுகிறேன். நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு இரண்டு வருஷமாகியும், உன்னைவிட ஆறே வயது மூத்தவள் தாயாக என்ன எழுதுவது என்ற கூச்சத்தில் ஒரு கார்டுகூடப் போட்டதில்லை. முதல் கடிதம் இப்படி அமைந்துவிட்டது.

அப்பாவுக்கு வந்திருப்பது வெறும் வயிற்றுவலி அல்ல, கட்டி. மூன்று வாரமாக மிஷன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அறுத்துப் பயனில்லை, அதிகம் போனால் இரண்டு வாரம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். அப்பாவே கேட்டுத் தெரிந்துகொண்டார். வலிக்கு மார்பியா ஊசி இருக்கிறது, அதில்தான் எனக்குக் குழப்பம். முப்பது வருஷமாக இங்கே வேலை பார்க்கும் பெரிய நர்ஸ் ராகேலம்மா, வலியைத் தாங்கித்தான் வரவேண்டும் என்று ஆண்டவர் எங்கும் சொல்லவில்லை, அமைதியாகக் கண்மூடுவதும் அவர் தருவதுதான் என்கிறார். இளைய நர்ஸ் சுகிர்தமோ, தெளிந்த புத்தியோடு ஜெபித்துப் போகவேண்டியவரை மயக்கத்தில் அனுப்பலாமா என்று என்னைத் தனியாக அழைத்துக் கேட்டாள். இருவரும் அவர் கட்டிலருகே மண்டியிட்டு அழுதவர்கள். ஒருவர் பேசும்போது அதுவே சரியென்று படுகிறது, அடுத்தவர் வந்ததும் அது போய்விடுகிறது. பி.ஏ. படித்தவள் என்று என் முகத்தைப் பார்க்கிறார்கள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

போன சனிக்கிழமை கொடுமுடியிலிருந்து உன் பெரியப்பா செங்கோட்டையன் ஒரு செம்பில் காவேரித் தண்ணீரோடு வந்தார். அப்பா கிறிஸ்து வேதத்துக்கு வந்த நாள் முதல் நம் வீட்டில் கை நனைக்காதவர். போகிற உயிருக்கு வாயில் ஊற்றவேண்டும் என்றார், புரையேறிவிடும் என்று சுகிர்தம் தடுத்தாள். அப்பா சிரித்துக்கொண்டே, "பொறுங்கண்ணா, இன்னும் நேரம் வரலீங்க, இப்பவே ஊத்திப்போடாதீங்க" என்றார். ராகேலம்மா அந்தத் தண்ணீரில் பஞ்சை நனைத்து அப்பாவின் உதட்டைத் துடைத்துவிட்டார், காய்ந்த உதட்டுக்கு எந்தத் தண்ணீராயிருந்தால் என்னங்க என்றார். பெரியப்பா தேம்பித் தேம்பி அழுதார். இதை நம் சபை ஐயரிடம் சொல்லவேண்டுமோ என்னவோ, நான் இன்னும் சொல்லவில்லை.

நேற்று மத்தியானம் வலியில் அப்பா கட்டில் கம்பியை விடாமல் பிடித்துக் கிடந்தார். ராகேலம்மா ஊசியோடு வந்து கெஞ்சியும் வேண்டாம் என்றுவிட்டார். சுகிர்தம் சொல்வதுபோல் ஜெபத்துக்காகவா என்று கேட்டேன். "அதுக்கில்ல. அம்மணி வாரப்ப நான் மயங்கிக் கெடக்கக் கூடாது" என்றார். உன்னைத்தான் சொல்கிறார். உன் பரீட்சை முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. உனக்கு எழுதவும் விடமாட்டேன் என்கிறார், உன்னைப் பார்க்காமல் உறங்கவும் மாட்டேன் என்கிறார்.

பட்டணத்துத் தண்ணீரைக் காய்ச்சிக் குடி, வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே. கர்த்தர் உன்னைக் காத்து நடத்துவாராக. உனக்கு லீவு கேட்டு உங்கள் மேட்ரனுக்கு டாக்டரம்மா எழுதிய சீட்டை இதற்குள் வைத்திருக்கிறேன், தவறவிடாதே.

பரீட்சையை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா, தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன், இந்தக் கடிதம் கண்டதும் ரயிலேறு. அவர் உன்னைக் கண்ணாரப் பார்க்கட்டும். அதன்பின் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி நீயே அவரிடம் சொல், அம்மணி. நான் சொன்னால் கேட்கமாட்டார்.

இப்படிக்கு,
உன் சின்னம்மா,
சலோமி