ஊருக்குப் போன குரல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்டுக் கேட்டு நீ பதில் போடாததால், நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். போனையும் எடுப்பதில்லை. சரி, இதைக் கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி.

வீட்டில் எல்லாம் அதுபாட்டுக்கு நடக்கிறது. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. மாடிவீட்டுக்காரி துணியை இன்னும் நம் ஜன்னல் மேல்தான் சொட்டச் சொட்டக் காயப்போடுகிறாள். சண்டை போடத் தோன்றவில்லை. எனக்கா என்று நீ சிரிப்பாய், நிஜமாகத்தான். அப்பா போனதிலிருந்து எதுவுமே தோன்றுவதில்லை. அழுகைகூட வரவில்லை. மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடப்பதுபோல் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

உன் கோபத்துக்கு வருகிறேன். ஆபரேஷனில் அப்பாவின் குரல் போய்விடும் என்று தெரிந்ததும் தம்பி என்ன செய்தான், உனக்கே தெரியும். எதிரொலி விழக்கூடாதென்று அவரைத் துணி அலமாரிக்கு முன் உட்காரவைத்து, தலையில் போர்வையைப் போட்டு, ஒவ்வொரு வார்த்தையாகப் பதிவு செய்தான். "எனக்கென்ன காய்ச்சலாடா, இப்படி மூடுறே" என்று அவர் கத்தியதும் அதில் இருக்கிறது. அப்புறம் கடைசிவரை, தம்பி எழுதிக்கொடுத்த மென்பொருளில், போனில் படத்தைத் தொட்டுத்தான் பேசினார். தொட்டால் அவர் குரலே வரும்.

அந்த மென்பொருளைத்தான் இவன் அப்பா குரலோடு ஓப்பன் சோர்ஸ் என்று இணையத்தில் வைத்துவிட்டான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், காசு கிடையாது. சும்மா கொடுப்பதற்கும் இவ்வளவு கெஞ்ச வேண்டும் என்று எனக்குத் தெரியாதடி. குழு குழுவாகத் தேடிப்போய் எழுதுகிறான். எட்டு வருஷமாகப் பேசாத சிநேகிதர்களிடமெல்லாம் பிடித்திருக்கிறது என்று ஸ்டார் போடச் சொல்லிக் கேட்கிறான். இவன் கல்யாணத்துக்குக்கூட இத்தனை பேரைக் கூப்பிடவில்லை.

போன மாதம் ஒரு ஹாலில் கணினிக்காரர்கள் கூட்டம். அதைச் செய்துகாட்டப் போகிறேன், வா என்று என்னையும் அழைத்துப்போனான். மேடையில் பெரிய திரை. டம்ளர் படத்தைத் தொட்டான். "கொஞ்சம் தண்ணி கொடு" என்று அப்பா கேட்டார், ஹால் முழுக்க. நான் எழுந்துவிட்டேன். பக்கத்திலிருந்த பெண் காலை ஒதுக்கி வழிவிட்டாள். தண்ணீர் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று நின்றபடி தேடிக்கொண்டிருந்தேன். எல்லாரும் கைதட்டிய பிறகுதான் நினைவு வந்து உட்கார்ந்தேன். தம்பி மேலிருந்து பார்த்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் எந்தப் படத்தையும் தொடவில்லை, வாயாலேயே சொல்லி முடித்தான்.

அப்பாவைக் கேட்காமல் அவர் குரலைத் தெருவில் விட்டுவிட்டான், மெஷின் குரலை வைத்தால் ஆகாதா என்று கடைசியாகப் போட்ட கடிதத்தில் எழுதியிருந்தாய். நியாயம்தான். கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, எனக்கும் தெரியாது. தம்பியிடம் சொன்னேன். "அக்கா வேணாம்னா இனிமே வெளியிடறதுல அப்பா குரலை எடுத்துடறேன்மா. ஆனா ஏற்கெனவே எடுத்துட்டுப் போனவங்ககிட்ட திருப்பிக் கேக்க முடியாது" என்றான். அவனும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

நேற்று அவனுக்கு முன்பின் தெரியாத ஒரு பெண்மணியிடமிருந்து கடிதம் வந்தது. அவள் கணவருக்கும் அதே ஆபரேஷனாம். மெஷின் குரலைப் போட்டுக் காட்டினாளாம், அவர் போனைத் தள்ளிவிட்டாராம். அப்பா குரலைக் கேட்டதும் வாங்கி வைத்துக்கொண்டாராம். இப்போது அந்த வீட்டில் நம் அப்பாதான் தண்ணீர் கேட்கிறார், ஃபேனைக் குறைக்கச் சொல்கிறார். "இந்தப் பெரியவருக்கு எங்க நன்றியைச் சொல்லிடுங்க, நல்லா இருக்கட்டும்" என்று முடித்திருக்கிறாள். என்ன பதில் போடுவதென்று தம்பி என்னைக் கேட்கிறான். எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்.

எனக்கு அந்தக் குரல் இருக்கட்டும் என்றுதான் இருக்கிறது. அந்த மனுஷரிடமிருந்து பிடுங்க மனசு வரவில்லை. ஆனால் அது உன் அப்பாவின் குரல். நீ வேண்டாம் என்றால் வேண்டாம், ஏனென்று கேட்கமாட்டேன்.

ஒன்று மட்டும் உனக்குத் தெரியாது. நீ போன் செய்யும்போதெல்லாம் அப்பா முதலில் தொடும் படம் ஒன்று உண்டே, "பாப்பா, சாப்பிட்டியா?" என்று, அதைத் தம்பி வெளியே விடவில்லை. எவ்வளவு அவசரத்திலும் அதை மட்டும் எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றதை அனுப்பியிருக்கிறான். அது அவருடைய போனில் மட்டும்தான் இருக்கிறது. நான் தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறேன். தொட்டதில்லை. பதில் சொல்ல ஆளில்லாமல் எப்படித் தொடுவது?

தம்பியிடம் பேச வேண்டாம். என்னிடமும் பேச வேண்டாம். அப்பா நம்பருக்கு ஒரு தடவை கூப்பிடு. படத்தைத் தொடுகிறேன். சாப்பிட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடு.

நீ நல்லா இருக்கணும்,
உன் அம்மா