எட்டாத தூரத்தில் இருக்கும் தகப்பன்

ரியாத்
ஏப்ரல் 2015

என் வீட்டு வெளிச்சமான தகிய்யாவுக்கு,

ஸலாம். நானும் என் முட்டிவலியும் நலம். ஃபோனில் பேசினால் சண்டையில் இருக்கும் இரண்டு தரப்பினரும் காது வைக்கிறார்கள், உனக்குத்தான் தொல்லை. அதனால் பஸ் டிரைவர் ஸாலிஹிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கிருந்து வரும் போர் விமானங்களின் சத்தத்துக்குப் பயப்படாதே. துப்பாக்கியோடு நம் தலைநகர் ஸனாவுக்குள் புகுந்து எங்கள் அரசாங்கத்தைத் துரத்தினவர்களை விரட்டத்தான் அவை வருகின்றன. அரசின் குரலாக டிவியில் நான்தான் பேசுகிறேன், பார்த்தாயா? டை கொஞ்சம் கோணல்.

மூன்றே வாரம். நூரியாவின் நிக்காஹை அதுவரை தள்ளிவை. மாப்பிள்ளை மாஜித் தங்கமான பையன், பொறுத்துக்கொள்வான். வெள்ளைத் துணிக்கு அடியில் அவன் கையைப் பிடித்து என் மகளைக் கொடுக்கப்போவது நான். கம்பளத்தில் காய்ந்த திராட்சையை வீசப்போவதும் நான். வேறு எவன் கையும் அந்தத் துணிக்குள் போகக் கூடாது.

உன் நாஜி

---

ஸனா
ஜனவரி 2016

நூரியாவின் அப்பாவுக்கு,

ஸலாம். மூன்று வாரம் என்றீர்கள். அதற்குள் ரமலானும் போய், குளிர்காலமும் வந்துவிட்டது. வண்ணக் கண்ணாடி சன்னல்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறேன். காற்றடித்தால் வீடே படபடக்கிறது.

உங்கள் தம்பி ஹமூது தினமும் வந்து பார்க்கிறார். வாய் மட்டும் அடங்குவதில்லை. "அண்ணி, ஹோட்டல் ரூம்ல இருந்து நாட்டை ஆள்றாரே அண்ணன், ரூம் சர்வீஸ்ல கொஞ்சம் கேஸ் சிலிண்டர் அனுப்பச் சொல்லுங்க!"

சிரிக்கத் தெம்பில்லை. மாஜித்தின் தாய்மாமன் ஊரில் கல்யாணப் பந்தல்மேல் குண்டு விழுந்தது. மாஜித்தின் அண்ணன் அங்கே விருந்துக்குப் போயிருந்தான். அவனுடைய ஒரு செருப்பைத்தான் கொண்டுவந்தார்கள். அன்று மாலை டிவியில் நீங்கள் வந்து, "ஆயுதக் கிடங்கு தாக்கப்பட்டது" என்று வாசித்தீர்கள். மாஜித் எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தான். எழுந்து டிவியை அணைத்தான். ஆனாலும் மறுநாள் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தான்.

உங்கள் தகிய்யா

---

ரியாத்
நவம்பர் 2016

தகிய்யா,

அந்தக் காகிதத்தை நான் எழுதவில்லை. கையில் கொடுத்தார்கள், வாசித்தேன். மாஜித்திடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஸனா விமான நிலையத்தையும் மூடிவிட்டார்கள். எங்கள் பாஸ்போர்ட்டுகளை இந்த நாட்டு அதிகாரி ஒருவர் "பத்திரமாக" வைத்திருக்கிறார். ஊர் திரும்ப வேண்டும் என்று கேட்டால், "இங்கே என்ன குறை?" என்கிறார். மூன்று வேளையும் கறி, சோறு. தொண்டையில் இறங்குவதில்லை. சன்னலைத் திறக்கவும் முடியாது, ஹோட்டல் சன்னல்கள் அப்படி.

அவர்கள் கையில் இருக்கும் துறைமுகம் விழுந்துவிட்டால் போர் முடிந்தது என்கிறார்கள். கோடைக்குள் வந்துவிடுவேன். நிக்காஹுக்கு நல்ல காய்ந்த திராட்சை ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். நான் வரும்வரை பிரிக்காதே.

நாஜி

---

ஸனா
ஆகஸ்ட் 2018

நூரியாவின் அப்பாவுக்கு,

துறைமுகம் விழும் என்று நீங்கள் எழுதி இரண்டு கோடை போய்விட்டது. அது விழவில்லை. டீசல் வருவதுதான் விழுந்தது. பம்பு ஓடாமல் நம் திராட்சைத் தோட்டம் கட்டையாகிவிட்டது. திராட்சை ஊருக்கு எங்கிருந்தோ திராட்சை அனுப்புகிறாரே என்று பெட்டியைப் பார்த்து அன்று எரிச்சலாக வந்தது. இப்போது வீட்டில் இருப்பது அதுதான்.

நீங்கள் விரட்ட நினைத்தவர்கள் சௌக்கியமாக இருக்கிறார்கள். ரப்பர் செருப்போடு வந்த பையன்கள் இப்போது பெரிய வண்டியில் போகிறார்கள், வரி வாங்குகிறார்கள். சோதனைச் சாவடிக்கு சிமெண்டில் அறையே கட்டிவிட்டார்கள். ஊரைவிட்டுக் கிளம்பினால், அங்கே உங்கள் பெயரைக் கேட்டதுமே என்னையும் நூரியாவையும் பஸ்ஸிலிருந்து இறக்கித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். எங்கே போவோம்?

மாஜித் இன்னும் காத்திருக்கிறான். "உங்க அப்பாவுக்காக இல்ல, உனக்காக" என்று நூரியாவிடம் சொன்னானாம். அவன் அம்மாவின் உடம்பு மோசம், கண்மூடுவதற்குள் மருமகளைப் பார்க்க ஆசைப்படுகிறார். என் கண்ணே, இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். "எனக்குப் பதிலாக என் தம்பி ஹமூது கைகொடுக்கட்டும்" என்று. அது போதும்.

உங்கள் தகிய்யா

---

ரியாத்
அக்டோபர் 2018

தகிய்யா,

எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. ஹமூது ஸனாவைப் பிடித்தவர்களுடைய பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்க்கிறான் என்பதற்காக இல்லை. அந்த இரண்டு வரியை எழுதினால், நான் வரப்போவதில்லை என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. வருவேன் என்பதைத் தவிர என்னிடம் இங்கே ஒன்றுமே இல்லையடி. அதற்காகத்தானே டிவியில் அந்தக் காகிதங்களையெல்லாம் வாசித்தேன்.

ஒரே ஒரு வருஷம் பொறு. பேச்சுவார்த்தை நடக்கப்போகிறது. நான் வந்தே தீருவேன்.

நாஜி

---

ஸனா
ஜனவரி 2019

நூரியாவின் அப்பாவுக்கு,

ஸலாம். வியாழக்கிழமை பகலில் நூரியாவின் நிக்காஹ் நடந்தது. பந்தல் இல்லை, மேளம் இல்லை, விளக்கும் போடவில்லை. இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை, மேலே இருந்து பார்ப்பவர்களுக்குக் கூட்டமாகத் தெரியக் கூடாதே.

காஜியார் முதலில் மறுத்துவிட்டார். "தகப்பன் உயிரோட இருக்கும்போது சித்தப்பன் எப்படிக் கைகொடுக்கிறது?" என்றார். தகப்பன் எட்டாத தூரத்தில் இருந்தால் மட்டுமே அடுத்தவருக்கு அந்த உரிமையாம்.

"எங்கே இருக்கார்?"

"ரியாத்ல" என்றார் ஹமூது.

"அது எட்டாத தூரமா? எவ்வளவு நேரப் பயணம்?"

கதவுக்குப் பின்னாலிருந்து நூரியா பதில் சொன்னாள். "விமானத்துல ரெண்டு மணி நேரம்கூட ஆகாது மாமா. நாலு வருஷமா அங்கேயிருந்து விமானம் வந்துக்கிட்டுதான் இருக்கு. ஒண்ணுலயும் எங்க அப்பா வரல."

காஜியார், "எட்டாத தூரம்தான்மா" என்று சொல்லிவிட்டு வெள்ளைத் துணியை எடுத்தார்.

ஹமூது அதற்கு அடியில் மாஜித்தின் கையைப் பிடித்தார். வழக்கமாகக் கிண்டல் பேசும் மனிதர், "இது அண்ணன் கை, என் கை இல்ல" என்று மாஜித்திடம் சொல்லி அழுதுவிட்டார். வீசியது உங்கள் திராட்சையைத்தான். உங்களுக்கென்று ஒரு பிடி எடுத்துவைக்க நினைத்தேன். முடியவில்லை. பெரியவர்கள்கூடக் கம்பளத்தில் மண்டியிட்டுப் பொறுக்கித் தின்றார்கள். சடங்குக்காகத் தின்றது போலத் தெரியவில்லை.

எனக்கு உங்கள்மேல் கோபம் தீர்ந்துவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது. ஸாலிஹிடம் கடிதம் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். முட்டிவலி எப்படி இருக்கிறது, சாப்பாடு இறங்குகிறதா என்று எழுதுங்கள். வருவேன் என்று மட்டும் இனி எழுதாதீர்கள்.

நூரியாவின் அம்மா
தகிய்யா