அவளுடைய நகமும் என் கையும்

என்னங்க,

ரொட்டியும் கட்டச்சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

ராத்திரி நான் ஏன் பேசவில்லை என்று கேட்டீர்கள். நேற்று எல்ல டவுனுக்கு இறங்கி, நீங்கள் வேலை செய்யும் நக அலங்காரக் கடை வாசல் வரைக்கும் வந்தேன். ஒரு கல்யாணப் பெண்ணின் கையைப் பிடித்து, ஒட்டிய பொய் நகத்தை ஃபைலால் தேய்த்து, தூசியை ஊதி, பஃபரால் கண்ணாடிபோல் மினுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

"வலிக்குதாங்க?" என்று வேறு கேட்டீர்கள். அப்படியே திரும்பி பஸ் ஏறிவிட்டேன்.

நாலு வருஷமாகத் தேயிலைக் கொழுந்து பறிக்கிற இந்தக் கையைப் பிடித்து ஒருநாளாவது அப்படிக் கேட்டிருக்கிறீர்களா?

கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறேன்.

தவமலர்

பி.கு: ஞாயிற்றுக்கிழமை அந்தப் பஃபரை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பொய் நகம் வேண்டாம், என் நகமே போதும். சீக்கிரம் முடித்துவிடாதீர்கள்.