பத்துப் பேரில் ஒருத்தி

செப்டம்பர் 9

தீயணைப்பு ஹோஸ் இணைப்புகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பின் தலைவர் விலகுகிறார். சம்பளமில்லாத பதவிதான். ஆனால் ஹோஸைத் திருகி மாட்டும் பழைய மரைக்கு எப்போது முடிவுகட்டி, புது கிளிப்புக்கு மாறுவது என்ற பேச்சை எடுப்பது தலைவர் கையில் இருக்கிறது. நான் விற்பதோ ஹோஸ்களை இணைக்கும் பித்தளைக் கப்ளிங்; கிடங்கு முழுக்கப் பழைய மரை போட்டதுதான். அந்த நாற்காலி எனக்கு வேண்டும்.

இங்கே ஓட்டுப்பெட்டி கிடையாது. கூட்டங்களுக்கு ஒழுங்காக வருகிறவர்கள் பெயர் தரலாம். குலுக்கலில் விழும் பத்துப் பேர் கதவை மூடிக்கொண்டு தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பொதுநலக்காரி என்று நாலு பேர் சொல்லட்டுமே என்று நானும் பெயர் கொடுத்துவைத்தேன். இருநூறு பெயரில் என்னுடையதா விழப்போகிறது?

செப்டம்பர் 17

விழுந்துவிட்டது. தேர்ந்தெடுக்கிறவர் பதவிக்கு நிற்கக் கூடாது. விலகினாலும் இந்த வருஷம் முடியாதாம்.

என் கணவர் க்ளென்னுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒரு ஆணி வாங்குனாலும் கண்ணாடி போட்டு ரசீது படிப்ப. விதிய மட்டும் படிக்கலியா, பாபி?"

"பேசாம உருளைக்கிழங்கைத் தின்னு."

அக்டோபர் 6

நிற்பவர்கள் இரண்டு பேர். வால்வு கம்பெனி மெர்ல் ஸ்டாபி. தீயணைப்பு நிலையப் பொறியாளர் இல்சா பிரான்ட்வோல்ட் — போன வருஷம் சபையில் வைத்தே என் கப்ளிங் மாதிரிகளை வேண்டாமென்று தள்ளினவள்.

தூக்கமில்லை.

அக்டோபர் 21

டொரன்டோவில் கூட்டம். இடைவேளையில் ஸ்டாபி காபியோடு ஒட்டி நின்றார். "பழைய மரைக்கு இன்னும் மூணு வருஷம், போதுமா பாபி? நான் பாத்துக்கறேன்."

தேர்ந்தெடுக்கிறவரிடம் இப்படிப் பேசக் கூடாது. ஆனாலும் வயிறு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

பிறகு அவரே பெல்டியரை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போனார். பெல்டியரும் பத்துப் பேரில் ஒருவர். கியூபெக்கில் புது கிளிப் செய்கிறவர். பழைய மரை நாளைக்கே செத்தால்தான் அவருக்குப் பிழைப்பு. அவரும் சிரித்துக்கொண்டே திரும்பினார்.

எங்கள் இரண்டு பேருக்கும் என்னதான் விற்றான் இந்த ஆள்?

அக்டோபர் 22

நேர்காணல். பத்துப் பேர் முன்னால் நானே கேட்டேன்: பழைய மரைக்கு எத்தனை வருஷம்?

ஸ்டாபி: "எல்லாருக்கும் ஒத்துவர்ற மாதிரி பாத்துக்கலாம்." என்னையும் பார்க்கவில்லை, பெல்டியரையும் பார்க்கவில்லை.

இல்சா: "ஒண்ணு. தீப்பிடிச்சப்போ பக்கத்து ஊர் வண்டி உதவிக்கு வந்துச்சு, ஊருக்கு ஒரு மரை, அவங்க ஹோஸ் எங்க குழாயில மாட்டல. நின்னு வேடிக்கை பாத்தோம். உங்க கிட்ட சரக்கு கெடக்குன்னு தெரியும், பாபி. இருந்தாலும் ஒண்ணுதான்."

ஒரே வருஷமா? ஐயோ, இவ்வளவு சரக்கையும் எங்க கொண்டு போய்க் கொட்டுவேன்? தேர்வு முடியும்வரை க்ளென்னிடம்கூட வாய் திறக்க முடியாது.

நவம்பர் 3

நாளை கை தூக்க வேண்டும். யாருக்கு என்று எனக்கே தெரியவில்லை.

நவம்பர் 12

அறிவிப்பு வந்துவிட்டது: பிரான்ட்வோல்ட். கை தூக்கின அன்று அறைக்குள் நடந்ததை வெளியே சொல்லக் கூடாது, இங்கேயும் எழுதமாட்டேன்.

"இது உனக்கு நல்லதா கெட்டதா?" என்றார் க்ளென்.

"கிடங்குக்கு வா, கைகுடு" என்றேன்.

பித்தளையையெல்லாம் வாசல் பக்கம் நகர்த்திப் பாதி விலை என்று பலகை மாட்டினோம். பிறகு பெல்டியருக்குப் போன் போட்டுப் புது கிளிப் என்ன விலை என்று கேட்டேன். வாய்கூசாமல் ஒரு விலை சொன்னார். பேரத்தை ஆரம்பித்தேன்.