மலையை மொட்டையடித்து ஒரு பசுமைத் திட்டம்

அன்பு மகள் மிகாகோவுக்கு,

அம்மா எழுதுவது. லிஸ்பனில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன், இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, எனக்கு ரத்தக் கொதிப்பு மட்டும் ஏறிக் கிடக்கிறது, அதற்கு நீயும் ஒரு காரணம். போன வாரம் போனில் "சூரிய மின்சாரம் பூமிக்கு நல்லதும்மா, நீ ஏன் குறுக்கே நிக்கிற?" என்று கேட்டுவிட்டாய். அன்றைக்குப் போனை வைத்துவிட்டேன், இன்றைக்குச் சொல்கிறேன், கேள்.

சிப்பி வளர்க்கிற நாங்கள் விரிகுடாவுக்கு மேலே உள்ள சரிவில் பதினாறு வருஷமாக ஓக் கன்று நட்டு வருகிறோம், அந்த இலை மக்கி மழைத் தண்ணீரோடு இறங்கினால்தான் சிப்பிக்குச் சதை பிடிக்கும், நீயும் பள்ளிக்கூடத் தொப்பியோடு வந்து நட்டவள்தானே. போன வருஷம் நகராட்சி அதிகாரி நிஷிகோரி புது பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்து ஒரே ஒரு கன்று நட்டார், "இயற்கையோடு வாழும் நம் ஊர்" என்று கொட்டை எழுத்தில் அந்தப் படம் நகராட்சி இதழின் அட்டையில் வந்தது. அதே மனிதர் இந்த மார்ச்சில் அதே சரிவை வெட்டி சூரிய மின் தகடு பரப்பப் போகிறோம், இது சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று காகிதம் நீட்டுகிறார்! விளக்கக் கூட்டத்தில் தகடு போடுகிற கம்பெனிக்காரர்கள் இடுப்பு ஒடியக் குனிந்து வணங்கினார்கள், நம்மவர்கள் "வேற வழியில்ல" என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து, வேரைப் பிடுங்கிவிட்டால் சேறெல்லாம் எங்கே இறங்கும் என்று கேட்டேன். நிஷிகோரி சிரித்துக்கொண்டே "கவலைப்படாதீங்கம்மா, வெட்டுற ஒவ்வொரு மரத்துக்கும் வேற இடத்துல ரெண்டு நடுவோம்" என்றார். "அப்ப எங்க சிப்பியையும் அந்த வேற இடத்துக்கே நீந்திப் போகச் சொல்லிடுங்க" என்றேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, அப்பா என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார்.

மீனவர் கூட்டுறவில் எல்லா உறுப்பினரும் சம்மதம் என்று தங்கள் பெயர் முத்திரையைக் குத்தினால்தான் வேலை தொடங்க முடியும். மறுநாள் காலை பார்த்தால் அப்பா என் முத்திரையை மையில் தொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! "ஊரே போட்டாச்சு சுமியே, நாம மட்டும் முறைச்சுக்கிட்டு இங்க எப்படி இருக்கிறது?" என்றார். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர், முப்பது வருஷமாக என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர், பேசுவதற்கு இதுதானா கிடைத்தது? முத்திரையை வெடுக்கென்று பிடுங்கி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு படகை எடுத்துச் சிப்பித் தெப்பத்துக்குப் போய்விட்டேன். கூட்டுறவுத் தலைவர் கரையில் நின்று கூப்பிட்டார், நான் வணக்கம் சொல்வதுபோலக் கையை ஆட்டினேன்.

என் ஒரு முத்திரை விழாததால் இப்போது வேலை இலையுதிர்காலம் வரை தள்ளிப் போயிருக்கிறது, கடைத்தெருவில் பாதிப் பேர் எனக்கு முகம் கொடுப்பதில்லை. செர்ரி பூத்தால் மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்து உருகுகிறவர்கள்தான் இவர்கள், ஓக் மரம் அப்படிப் பூக்காதது அதன் குற்றமா? எனக்குச் சூரியனோடு சண்டை இல்லை மிகாகோ, நகராட்சிக் கூரையும் மூடிப்போன பள்ளிக்கூடக் கூரையும் சும்மாதான் வெயில் காய்கின்றன, அங்கே தகடு போடட்டும், நானே ஏறித் துடைத்துத் தருகிறேன்.

அப்பா மூன்று நாள் தனியாகவே உட்கார்ந்து சாப்பிட்டார். இன்று காலை அரிவாளோடு கிளம்பினார், எங்கே என்று கேட்டேன், "சரிவுல கன்னுகளைச் சுத்திக் களை மண்டிக் கிடக்கு" என்றார் முகத்தைத் திருப்பிக்கொண்டே. உப்பில் ஊறிய பிளம் பழம் வைத்து நாலு சோற்று உருண்டை கட்டிக் கொடுத்தேன், வழக்கமாக மூன்றுதான்.

கடற்பாசிப் பொட்டலம் அனுப்பியிருக்கிறேன், தபால் நிலையத்தில் மறக்காமல் வாங்கிக்கொள். யாராவது பசுமை என்று சொன்னால், எதை வெட்டிவிட்டு என்று ஒரு வார்த்தை கேள். எந்தக் குறையும் உன்னை அண்டாமல் இருக்கட்டும், மகளே.

உன் அம்மா,
சுமியே