பொன்னாடை யாருக்கு

ஞாயிறு இரவு.

பூங்காவில் எங்கள் மலையேற்றக் குழுவின் ஆண்டு விழா. தலைவி செல்வியின் பையில் பொன்னாடையைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பிரியாணி இறங்கவில்லை. போன முறை ஏலகிரியில் என் முழங்கால் மக்கர் பண்ணி எல்லோரும் காத்துக் கிடந்தார்கள். எங்கள் ஷூ கம்பெனியில் பொன்னாடை போர்த்தினால், மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று அர்த்தம்.

கடைசியில் அதைப் பூங்கா வாட்ச்மேனுக்குப் போர்த்தினாள். பலமாகக் கைதட்டியது நான்தான்.

"இன்னாண்ணா, சாப்பாட்டை அப்படியே வெச்சிருக்கீங்க?" என்று கேட்டபடி என்னிடம் வந்தாள். "தெம்பு வேணும். அடுத்த மலைக்கு நீங்கதான் முன்னால நடக்கணும். உங்க வேகத்துலதான் நாங்க வருவோம்."

நான் மெதுவாக நடப்பவன் என்பதை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டாள். எனக்குக் கோபம்தான். ஆனாலும் ஷூவுக்கு இப்போதே புது லேஸ் கோத்து வைத்துவிட்டேன்.