கருணைத் தொகை என்று போட்டிருக்கிறது

ஜீவனஹள்ளி
15.6.2025

அன்புள்ள அண்ணா,

நேற்று உன் கம்பெனி ஆபீசில் நான் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். "அம்மா, இதில் கையெழுத்துப் போடாதே." நான்கே வார்த்தை. வாயில் வரவில்லை.

உன் மேலதிகாரி க்ளென் சார் காகிதத்தை அம்மா பக்கம் தள்ளி, "ஒன் சைன் ஆன்ட்டி, அஷ்டே", அவ்வளவுதான் என்றார். நான் அம்மாவுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கண்ணில்தான் கட்டு என்பதால் அவள் முழுசாகத் திரும்ப வேண்டியிருந்தது. "இன்னா போட்டிருக்குது சிந்து?" என்று கேட்டாள். "காசு தர்றாங்கம்மா" என்றேன். பிறகு, பாஸ்புக் ஜெராக்ஸ் எடுத்து வரவில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லி அவளை எழுப்பிக் கூட்டிவந்துவிட்டேன்.

அதில் போட்டிருந்தது 'எக்ஸ் கிரேஷியா'. நான் சம்பளம் வாங்குவதே ஒப்பந்தங்களையும் நோட்டீசுகளையும் தமிழாக்கத்தான். அந்த வார்த்தையை எத்தனையோ முறை 'கருணைத் தொகை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தீபாவளிக்கு போனசோடு வரும்போது அதில் ஒரு குற்றமும் இல்லை. அடிபட்டவள் கையில் கொடுத்தால் அது வேறு பேச்சு. உனக்கு நாங்கள் எதுவும் தர வேண்டியதில்லை, எங்கள் மேல் தப்பில்லை, ஆனாலும் மனமிரங்கித் தருகிறோம், வாங்கிக்கொண்டு பேசாமல் போ என்கிறார்கள். நஷ்ட ஈடு என்று எழுதினால், கண் போனதற்கு யார் பொறுப்பு என்பதையும் எழுத வேண்டுமே.

பேஸ்மென்ட் சாக்கடையில் ஆசிட் ஊற்றச் சொன்னது அவர்கள். அம்மா கண்ணுக்குப் போட்டுக்கொள்ளக் கண்ணாடி கேட்டபோது, அடுத்த மாசம் வரும் என்று சொன்னதும் அவர்கள். அங்கே வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியில் நீ சூப்பர்வைசர். அம்மாவை அந்த அபார்ட்மென்ட்டில் வேலைக்குச் சேர்த்தவனும் நீதான். க்ளென் சாரிடம் பேசு. தொகை அதே இருக்கட்டும், அந்த வார்த்தையை மட்டும் மாற்றச் சொல்.

போனில் கேட்டால் 'சைட்ல இருக்கேன்' என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் தபால்.

சிந்து


ஆனேக்கல்
21.6.2025

அன்புத் தங்கை சிந்துவுக்கு,

கடிதம் கிடைத்தது. நம் வீட்டிலும் ஒருவருக்கொருவர் தபால் போட்டுக்கொள்ளும் நிலைமை வந்துவிட்டது, சந்தோஷம்.

நீ படித்தவள், உனக்கு வார்த்தை முக்கியம். ஆஸ்பத்திரிக்காரனுக்குப் பணம் முக்கியம். பாங்கில் விழுந்த பிறகு அதன் பெயரை யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனாலும் நீ எழுதியதற்காகக் கேட்டேன். ஹெட் ஆபீஸ் போட்டது, ஒரு எழுத்தைத் தொட முடியாது என்றார் க்ளென் சார். "உன் தங்கச்சி என்ன லாயரா மச்சா?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்யச் சொல்கிறாய்?

என்னை ஏரியா மேனேஜர் ஆக்கப்போவதாகப் பேச்சு இருக்கிறது. அதற்காக இதைச் சொல்லவில்லை. கோர்ட், கேஸ் என்று அலைந்தால் அம்மாதான் ஓய்ந்துபோவாள். அந்த வார்த்தையின் அர்த்தத்தை அவளிடம் சொல்லாதே. நிம்மதியாக வாங்கிக்கொள்ளட்டும். சீக்கிரம் ஜெராக்சைக் கொடுத்துவிடு. வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்
ரகு


ஜீவனஹள்ளி
3.7.2025

ரகு,

அண்ணா என்று எழுத வரவில்லை.

அம்மாவிடம் அர்த்தத்தைச் சொல்லிவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "நான் இன்னா பிச்சையா கேட்டேன்? கண்ணாடி குடுக்கலன்னு ஒரு வரி எழுதித் தரச் சொல்லு. காசே வேணாம்" என்றாள்.

அந்தத் தைரியத்தில்தான் எங்கள் ஆபீசுக்கு மொழிபெயர்ப்பு வேலை தரும் வக்கீல் ஜானகி மேடத்தைப் பார்த்தேன். அவர் நோட்டீஸ் அனுப்பி, விபத்து அறிக்கையின் நகலை வாங்கினார். 'பாதுகாப்புக் கண்ணாடி வழங்கப்பட்டது. தொழிலாளி அணியவில்லை.' கீழே சாட்சியின் கையெழுத்து. அப்பா போன பிறகு என் ரிப்போர்ட் கார்டுகளில் நீ போட்டாயே, அதே கையெழுத்து, அடியில் அதே இரட்டைக் கோடு.

அன்று நீ அந்த இடத்திலேயே இல்லை. ஆனேக்கல்லில் இருந்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து நான்தான் போன் செய்தேன். இல்லாத கண்ணாடிக்கு, இல்லாத ஆள் சாட்சி. தப்பு அம்மாவுடையது என்று நீ எழுதிக் கொடுத்த பிறகு அவர்கள் கருணையைத் தவிர வேறு எதைக் காட்டுவார்கள்? ஹெட் ஆபீசாம். அந்த வார்த்தையைப் போட்டவன் நீ.

அம்மாவுக்கு இது இன்னும் தெரியாது. வழக்குக்கு முன் சொல்லியாக வேண்டும் என்கிறார் ஜானகி மேடம். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கிறேன். வந்து நீயே சொல். கண்ணாடியைப் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடு. உன் வேலை போகும். போகட்டும். அவளுக்குக் கண் போயிருக்கிறது.

சிந்து


ஜீவனஹள்ளி
27.7.2025

ரகு அண்ணாவுக்கு,

நீ வரவில்லை. பதிலும் போடவில்லை. அந்த ஞாயிறு கழிந்ததும் திங்கட்கிழமை காலை அறிக்கையை நானே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சாட்சியின் பெயர் வந்ததும் "இன்னொரு தரம் படி" என்றாள். படித்தேன். "அப்ப கோர்ட்ல நின்னு எம் புள்ள பொய் சொல்றான்னு நான் சொல்லணுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இந்த முறை நான் எதையும் விழுங்கவில்லை.

அதே வாரம் புதன்கிழமை நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு, பஸ் ஏறித் தனியாக உங்கள் ஆபீசுக்குப் போயிருக்கிறாள். பாஸ்புக்கை அவளே ஜெராக்ஸ் எடுத்திருக்கிறாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, சோறு வடித்து வைத்திருந்தாள். அப்படி வாங்கிய கையெழுத்து வழக்குக்குத் தடையில்லை, இன்னும் போடலாம் என்கிறார் ஜானகி மேடம். அம்மா முடியாது என்றுவிட்டாள்.

பாவம், அர்த்தம் தெரியாமல் போட்டாள் என்று நீ நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரிந்துதான் போட்டாள்.

நீ ஏரியா மேனேஜர் ஆன விஷயத்தை க்ளென் சார் அவளிடம் சொன்னாராம். "நல்லா இருக்கட்டும்" என்றாளாம். எனக்கு அந்த மனசு இல்லை. இந்த வீட்டுக்கு நீ வந்தால் அம்மா சோறு போடுவாள். நான் அந்த நேரத்தில் வெளியே போய்விடுவேன்.

பதினெட்டாம் தேதி பணம் வந்தது. முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. இருபத்தொன்றாம் தேதியிலிருந்து அம்மா காக்ஸ் டவுனில் வேறோர் அபார்ட்மென்ட்டுக்கு வேலைக்குப் போகிறாள். கண்ணாடி அடுத்த மாசம் தருவார்களாம். சிவாஜிநகரில் நான் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

சிந்து